சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

"நெக்ஸ்ட்!"

அமலராணி டீச்சர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காகம் எழுந்து பறந்தது. பிள்ளைகள் அசையவில்லை, அவர்களுக்குப் பழகிப்போன குரல். ஸ்ரீரங்கத்தில் ரயிலடிப் பக்கம் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்தில், சனிக்கிழமை சாயங்காலம், இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு அதற்குப் பின்னால் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. எதிரே சாரணியர் குழு வரிசையில் நிற்கிறது. நீலச் சீருடை, கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் ஆளுக்கொரு பள்ளிக்கூட டைரி. டைரிதான் பாஸ்போர்ட். பெஞ்சுக்குச் சற்றுத் தள்ளி, விளையாட்டு விழாவுக்குப் போடுகிற மாதிரி சுண்ணாம்புப் பொடியால் ஒரு நீளக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் திருச்சி ஜில்லா. அந்தப் பக்கம் போலந்து.

"பர்பஸ் ஆஃப் விசிட்?"

குழுத் தலைவி வைஷ்ணவி கொஞ்சம் வாய்த்துடுக்கு. "சும்மா பார்க்கத்தான் மேடம்" என்றாள்.

"சும்மாவா? சும்மா பார்க்க வர்றவளுக்கு எவன் கதவைத் திறப்பான்? ஜாம்பூரின்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. போ, லைன்ல கடைசியில போய் நில்லு!"

ஜாம்பூரி என்றால் உலகத்துச் சாரணர்கள் எல்லோரும் கூடுகிற முகாம்; இந்தத் தடவை போலந்தில், அதற்குத்தான் இந்த ஒத்திகை. அடுத்தவள் சுபஸ்ரீ. "ஜாம்பூரி மேடம்" என்று சரியாகச் சொன்னாள். நூலக முத்திரை டைரியில் 'டொப்' என்று விழுந்தது. துள்ளிக்கொண்டு கோடு வரைக்கும் போனவள், அங்கே நின்று, குனிந்து, ஷூவின் நாடாவில் கை வைத்தாள்.

"ஷூவைக் கழட்டாதடி! கோயிலா இது?"

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு இது ரத்தத்தில் ஊறிய வியாதி என்பது டீச்சரின் தீர்மானம். வாசல் என்று ஒன்றைக் கண்டால் போதும், கால் தானாகச் செருப்பை உதறிவிடுகிறது. கொரியாவுக்குப் போன குழுவில் ஒருத்தி சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே ஷூவைச் சமர்த்தாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று ஒரு புண்ணியவான் அதை எடுத்துப்போய், காணாமல் போன பொருள்களைச் சேர்க்கிற இடத்தில் கொடுத்துவிட்டான். அது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அந்தக் குழந்தை பகல் முழுக்கக் கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு தத்தித் தத்தி நடந்திருக்கிறது. அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்துதான் இந்தச் சுண்ணாம்புக் கோடு. ஷூவோடு கோட்டைத் தாண்டாதவள் விமானம் ஏற மாட்டாள் என்று டீச்சர் சட்டம் போட்டிருக்கிறார்.

காட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறித்தான் ஸ்ரீரங்கம் வருகிறார் டீச்சர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் பிடிக்க வேண்டும். கழுத்தில் சிலுவைச் சங்கிலியும் விசில் கயிறும் எப்போதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறும்போது இரண்டையும் பிரித்துவிடுவார். இறங்குவதற்குள் மறுபடி பின்னிக்கொள்ளும். வகுப்பில் கணக்கு சொல்லித் தருகிறவர்தான். ஆனால் ஊரில் யாரும் அவரைக் கணக்கு டீச்சர் என்று சொல்வதில்லை. "ஜாம்பூரி டீச்சரா? அந்தா, கயித்தோட போறாங்க பாருங்க" என்றுதான் ஆட்டோக்காரர்கள்கூட வழி காட்டுகிறார்கள்.

அவர் செய்கிற காரியங்களில் சில, கேட்டால் சிரிப்பு வரும். போலந்தில் ராத்திரியானால் குளிருமாம். திருச்சியில் குளிருக்கு எங்கே போவது? மார்கழியிலேயே இங்கே மின்விசிறி ஓடுகிறது. டீச்சர் யோசித்தார். அரியமங்கலத்தில் ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருக்கும் பீமராவைப் போய்ப் பார்த்தார். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் உங்கள் குளிர் அறைக்குள் விட வேண்டும் என்றார். பீமராவ் ஆடிப்போனார்.

"டீச்சர், பிள்ளைங்க விறைச்சுப் போயிடுங்க. அப்புறம் பெத்தவங்க என்னை உரிச்சுடுவாங்க."

"நானும் உள்ள நிக்கிறேங்க. விறைச்சா மொதல்ல நான்தான் விறைப்பேன்."

நின்றார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் மப்ளர், சுற்றிலும் குச்சி ஐஸ் பெட்டிகள். பல் கிட்டிப்போன பிள்ளைகளிடம், விரல் மடங்காத அந்தக் குளிரில் கூடாரக் கயிற்றை எப்படி முடிச்சுப் போடுவது என்று பயிற்சி வைத்தார். வெளியே வந்ததும் பீமராவ் எல்லோருக்கும் ஆளுக்கொரு குச்சி ஐஸ் கொடுத்தார். ஒருத்தியும் வாங்கவில்லை என்பதை அவர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

"அங்க இப்படித்தான்" என்பது டீச்சரின் வாய் ஓயாத வார்த்தை. அங்க இப்படித்தான், ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தூக்கம் வரலைன்னு அழக் கூடாது. அங்க இப்படித்தான், ரொட்டி காஞ்சுதான் இருக்கும். ஊறுகாயை ஒரே நாள்ல தீர்த்துடாத. சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். அதற்கு மட்டும் அவர் சொல்கிற சமாதானம் வேறு. "நம்ம ஊர்ல இடது கையை நீட்டினா கன்னத்துல விழும். அங்க அதான் மரியாதை. தயங்காம நீட்டு."

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாயார் ஒருநாள் வியந்துபோய், "டீச்சர், நீங்க எத்தனை தடவை வெளிநாடு போயிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

டீச்சர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார். "அனுப்பியிருக்கேங்க" என்றார்.

அவ்வளவுதான். ஜப்பானுக்கு அனுப்பினார், கொரியாவுக்கு அனுப்பினார். தான் போனதில்லை. ஜப்பானுக்கு அப்போது சாரணியர் குழுவை நடத்திவந்த மூத்த கேப்டன் போனார், அது நியாயம். கொரியாவுக்குப் பாஸ்போர்ட்டெல்லாம் தயார். மகளுக்குத் தலைப்பிரசவம் அந்த மாதத்தில் வந்து நின்றது. அம்மா பக்கத்தில் இல்லாமல் எப்படி? இடத்தை வேறொரு பள்ளிக்கூடத்துக் கேப்டனுக்கு விட்டுக்கொடுத்தார். பேரனைக் கையில் வாங்கியபோது அழுதார். சந்தோஷம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சந்தோஷமும்தான்.

அதனால் திரும்பி வருகிற பிள்ளைகளுக்கு டீச்சர் வீட்டில் ஒரு விசாரணை உண்டு, போலீஸ் தோற்றுப்போகும். விமானத்திலிருந்து இறங்கினதும் என்ன வாசம் அடித்தது? காலையில் முதலில் எந்தச் சத்தம் கேட்டது? மழை பெய்தால் மண் நம் ஊர் மாதிரி மணக்குமா? பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குப் பதில் தெரியாது. "செல்ஃபி எடுத்தோம் டீச்சர்" என்று போனை நீட்டுவார்கள். அவர் படத்தைப் பெரிதாக்கி, பிள்ளையின் முகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னால் தெரிகிற கூடாரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிற நாட்டுச் சாரணர்களோடு மாற்றிக்கொண்ட பேட்ஜில் ஒன்றை அவருக்கென்று ஒவ்வொருத்தியும் கொண்டுவருவாள். அவற்றையெல்லாம் ஒரு கம்பளியில் தைத்து வைத்திருக்கிறார். திருச்சி வெயிலுக்குக் கம்பளி! அவர் கணவர் பிலோமின்ராஜ், திருவெறும்பூர் ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இதைச் சொல்லியே கிண்டல் பண்ணுவார். "எங்க வீட்டம்மாவுக்கு என்னங்க குறைச்சல், உலகத்தையே போத்திக்கிட்டுல்ல படுக்கிறாங்க."

இந்தத் தடவை தடை ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தார். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாயிற்று. அது கைப்பைக்குள்ளேயே பிளாஸ்டிக் உறையில் கிடக்கிறது. மெயின்கார்டு கேட் கடைவீதியில் ஒரு ஜோடி ஷூ வாங்கினார். வாழ்நாளில் முதல் ஷூ. பழக வேண்டுமே என்று சாயங்காலம் சேலையும் ஷூவுமாகக் காட்டூர் தெருக்களில் நடந்தார். தெரிந்தவர்கள், "என்ன டீச்சர், சுகரா?" என்று அனுதாபப்பட்டார்கள். "இல்லைங்க, போலந்து" என்றார்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் மேஜையில் இருந்த பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தார்.

"மே மாசத்தோட ரிடையர் ஆறீங்க டீச்சர். ஜாம்பூரி அதுக்கப்புறம் வருது. பணியில இருக்கிற டீச்சர்தான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு நிர்வாகத்துல கறாரா சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ பேசிப் பார்த்துட்டேன்."

டீச்சர் பின்னிக்கிடந்த சங்கிலியையும் விசில் கயிற்றையும் பிரித்துவிட்டார். பிறகு, "ஜெஸிமாவுக்குப் பாஸ்போர்ட் இருக்கா சார்?" என்று கேட்டார்.

ஜெஸிமா இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்த அறிவியல் டீச்சர். குழுவுக்கு உதவி கேப்டன். விஷயம் தெரிந்ததும் ஓடிவந்து, "நான் முடியாதுன்னு சொல்லிடறேன் டீச்சர். உங்க இடம் அது. எனக்கு மனசே ஒப்பலை" என்று கண் கலங்கினாள்.

"உதை விழும். நீ போகலைன்னா பிள்ளைங்களும் போக முடியாது. ஒரு ஸ்வெட்டர் வாங்கு மொதல்ல."

இப்படி அவளிடம் சொல்லிவிட்டு வந்தவர்தான், அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் காபியை ஆற்றிக்கொண்டே, ஆற்றிக்கொண்டே, குடிக்காமல் வைத்துவிட்டார். பிலோமின்ராஜுக்குப் புரிந்தது. "விடும்மா, நாம ரெண்டு பேரும் எங்கயாச்சும் ஒரு டூர் போவோம். சிங்கப்பூருக்கு இங்கேருந்தே ஃப்ளைட் இருக்கு" என்றார்.

"ஊரைப் பார்க்கணும்னு எனக்கு ஆசை இல்லைங்க. அம்புட்டுப் பிள்ளைங்களும் ஒரே மைதானத்துல கூடாரம் போட்டுக் கிடக்குமாம். காலையில வெளிய வந்தா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்கார்ஃபாம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலராம். அந்த மைதானத்துல ஒரு காலையில நான் நிக்கணும். ஒரே ஒரு காலையில. நானும் இந்தக் கூட்டம்தான்னு." ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்தார். "எனக்குப் போகணும்ங்க."

இத்தனை வருஷத்தில் மனைவி எதையும் வேண்டும் என்று கேட்டு அவர் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோய் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

மறு சனிக்கிழமை டீச்சர் வழக்கம்போல வந்தார். முன்னைவிடக் கண்டிப்பு அதிகம். கொடிக்கம்பத்தில் முடிச்சு நழுவினதற்கு மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டார். "டீச்சருக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று வைஷ்ணவி முணுமுணுத்தாள். மற்றவர்கள் அவளை அதட்டினார்கள். விஷயம் அவர்களுக்கும் எட்டியிருந்தது. புது ஷூ மட்டும் அதன் பிறகு கண்ணில் படவில்லை, பழைய செருப்புத்தான்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் விடுமுறை, குழு மட்டும் கூடியது. டீச்சருக்கு அதுதான் கடைசி ஒத்திகை. ஷூவோடு வந்து இறங்கினார். "வாங்கினதை வீணாக்குவானேன்" என்றார், யாரும் கேட்காமலே.

பெஞ்சு போட்டாயிற்று, கோடு போட்டாயிற்று. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் போலந்துக்குள் போய் நின்றார்கள், ஒருத்தியும் குனியவில்லை. வைஷ்ணவிகூட ஒழுங்காகப் பதில் சொன்னாள். டீச்சர் எழுந்திருக்கப் போனபோது ஜெஸிமா பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், இன்னும் ஒரு ஆள் பாக்கி."

"யாரு?"

"நீங்க. இப்படி வாங்க. நான் உக்காந்துக்கிறேன்."

"அட போம்மா, விளையாட்டா இது" என்றார் டீச்சர். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அத்தனையும், "வாங்க டீச்சர்! வாங்க டீச்சர்!" என்று கத்தத் தொடங்கிவிட்டது. மறுத்துக்கொண்டேதான் சுற்றி வந்து பெஞ்சுக்கு எதிரே நின்றார். டைரி இல்லை. கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, நிஜமான பாஸ்போர்ட்டையே எடுத்து நீட்டினார்.

ஜெஸிமா அதைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக வெள்ளையாக இருந்தது. நூலக முத்திரையைக் குத்தாமல் தள்ளி வைத்தாள். டீச்சர் மாதிரியே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"பர்பஸ் ஆஃப் விசிட்?"

பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிந்த பதில். அதைக் கற்றுக்கொடுத்தவரோ கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாகத் தெரிந்த ஸ்கார்ஃபுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா... பார்க்கத்தான்" என்றார்.

"தப்பு டீச்சர்! லைன்ல கடைசியில போங்க!" வைஷ்ணவி கூவினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

ஜெஸிமா சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். "யூ மே கோ, மேடம்."

டீச்சர் கோடு வரைக்கும் நடந்தார். அங்கே வந்ததும் நின்றார். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு மெல்லக் குனிந்து, ஷூ நாடாவின் முடிச்சை அவிழ்த்தார். ஒரு காலை உருவினார். மறு காலையும் உருவினார். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அடங்கிப்போனார்கள். ஒருத்திகூட "கழட்டாதீங்க டீச்சர்" என்று சொல்லவில்லை. ஷூவைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, அமலராணி டீச்சர் வலது காலை எடுத்து வைத்தார்.