கன்று குடிப்பதும் பால்தான்

என் மாட்டின் ஏப்பத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசினார்கள் என்றால் என் பிறந்த வீட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் நாசரேத் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண். கல்யாணமாகித் தூத்துக்குடிப் புதுக்கோட்டைப் பக்கம் வந்த பிறகுதான் சாணி அள்ளப் பழகினேன். வீட்டுக்காரர் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் மூன்று பசு. அவை என் பொறுப்பு, என் பிழைப்பு, கொஞ்சம் என் திமிரும்கூட.

பால் சங்கத்துக்கு ஒரு திட்டம் வந்தது. மாட்டின் ஏப்பத்தோடு மீத்தேன் வாயு வெளியேறி உலகத்தைச் சூடாக்குகிறது, அதை மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும் என்றார்கள். வாயு என்றதும் மாட்டின் பின்பக்கத்தை நினைத்துச் சிரித்தவர்களிடம், "வாய் வழியாத்தான் நெறய போகுது" என்று கால்நடை டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். சின்ன வயசுப் பெண். "கப்பல் விடுத புகைய விட்டுட்டு நம்ம மாட்டப் பிடிக்க வந்துட்டாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுத்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அடுத்த வீட்டுக் குப்பையைக் காட்டிவிட்டு நம் வாசலைப் பெருக்காமல் இருக்க முடியுமா? என் மாடு விடும் வாயு என் கணக்குதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

கணக்குப் போட்ட விதத்தில்தான் சண்டை வந்தது. டாக்டர் டேப் வைத்து மாடுகளின் மார்புச் சுற்றளவை அளந்தாள். அதிலிருந்து எடை தெரியுமாம். என்ன தீனி போடுகிறீர்கள், சங்கத்துக்கு எவ்வளவு பால் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டுப் போனில் தட்டினாள். இரண்டு பசுவுக்குப் பச்சை விழுந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள பசுவுக்குச் சிவப்பு. தின்கிற தீனிக்குப் பால் குறைவு, அதனால் லிட்டருக்கு வாயு அதிகம் என்று அர்த்தம். சிவப்பு விழுந்த மாடு இருக்கிற வீட்டைத் திட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். சேர்ந்தவர்களுக்கு வைக்கோல் நறுக்குகிற மெஷின் கிடைக்கும்.

"ஏளா, அந்தச் சுட்டிய தள்ளிவிட்டிருவோம். மாட்டுத் தரகர்ட்ட சொல்லிட்டேன், சனிக்கிழம வாராரு" என்றார் வீட்டுக்காரர். கெட்டவர் இல்லை. லாரியில் கிடந்து அல்லாடிவிட்டு வந்து அருவாளால் வைக்கோல் நறுக்குகிறவருக்கு மெஷின் ஆசை இருக்காதா? ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் சுட்டியைக் கறக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் கன்று சின்னதாக இருக்கும்வரை ஒரு காம்பைக் கறக்காமல் அதற்கே விட்டுவிடுவோம். மற்ற இரண்டின் கன்றுகளும் வளர்ந்துவிட்டன, அவற்றின் பால் முழுக்கக் கேனுக்குப் போகிறது. சுட்டி நாலு காம்புக்கும் சேர்த்துத் தின்கிறது. நாங்கள் மூன்றைத்தான் கணக்கில் காட்டியிருக்கிறோம். டாக்டர் கேட்டது சங்கத்துப் பாலை, நான் சொன்னதும் சங்கத்துப் பாலை. ரெண்டு பேருமே கன்றை மறந்துவிட்டோம்.

போன் போட்டேன். "கன்னு குடிச்சா அது பால் இல்லையா, டாக்டர்?"

"நான் அதக் கேக்கவே இல்லக்கா. கன்ன நிறுத்துப் பாப்போம். குடிக்க முன்னாடி ஒரு எடை, குடிச்சபிறகு ஒரு எடை."

தீவனக் கடை அண்ணாச்சியிடம் மூட்டை நிறுக்கிற தராசை வாங்கி வந்தோம். "கழுவித் தந்திரும்மா" என்றார் அவர், விஷயம் தெரிந்தவர்போல. கன்று தராசில் நின்றால்தானே? டாக்டர் முகத்தைப் பிடிக்க, நான் இடுப்பைப் பிடிக்க, அது சாவகாசமாக மூத்திரம் பெய்து இரண்டு பேரையும் நனைத்தது. அன்றைய எடை வீண். அடுத்தடுத்த நாட்களில் ஒழுங்காக நிறுத்தோம். கன்றின் பாலையும் சேர்த்துத் தட்டியதும் போனில் பச்சை விழுந்தது. டாக்டர் என்னைவிடச் சந்தோஷப்பட்டாள்.

திட்டத்து மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. கேனில் ஊற்றிய பாலுக்குத்தான் அத்தாட்சி இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வந்த அதிகாரி நல்லவிதமாகவே சொன்னார்: "கன்னப் பிரிச்சிட்டு நாலு காம்பையும் கறந்து ஊத்துங்கம்மா. தானா பச்சைக்கு வந்துரும்."

எழுந்து நின்றேன்.

"கன்னு வாயில இருக்கத பிடுங்கிக் கேன்ல ஊத்துனா மாடு விடுத வாயு கொறயுமா சார்? அதே மாடு, அதே தீனி, அதே ஏப்பம். உங்க போன்லதான் கொறயும்."

"விதி அப்படித்தாம்மா இருக்கு."

"அப்ப எங்க வீட்ட விட்டிருங்க. வைக்கோல நறுக்கி, பசும்புல் கலந்து போட்டா வாயு கொறயும்னு டாக்டர் சொன்னாங்க. அத நான் செய்வேன். மெஷின் இல்லாமலே செய்வேன்."

யாரும் கை தட்டவில்லை. கடைசி வரிசையில் காக்கிச் சட்டையோடு வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வீடு வரும்வரை எனக்கு முன்னாலேயே விறுவிறுவென்று நடந்தார். மெஷின் போன கோபம் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராகவே இருந்தேன்.

சனிக்கிழமை தரகர் கயிற்றோடு வந்தார். தொழுவத்து வாசலை மறித்து நின்றேன். அவர் என்னைத் தாண்டி வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, வரச் சொன்னீரே?"

"நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார் வீட்டுக்காரர். "மாடு அவளுக்குள்ளது. அவகிட்ட கேளும்."

கேட்டார். இல்லை என்றேன். தரகர் போனபிறகு கொஞ்ச நேரம் அழுதேன், அதற்கு வெட்கப்படவும் இல்லை.

இன்றைக்கும் நாங்கள் திட்டத்தில் இல்லை. வைக்கோலை நறுக்குகிறோம், வரப்பில் புல் வளர்க்கிறோம், சுட்டி நன்றாக அசைபோடுகிறது. வாயு எவ்வளவு குறைந்தது என்று அளக்க எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வந்தால் மறிக்கமாட்டேன். நாலு காம்பையும் எண்ணிவிட்டு எழுதட்டும்.