அண்ணாச்சிக்கு ஒரு கம்பெனியும் பிடிக்கவில்லை

கோயம்புத்தூரில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் கருப்பட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பேட்டையில் அவருக்குப் பாக்கெட் போடுகிற ஷெட் ஒன்று உண்டு. உடன்குடியிலிருந்து வருகிற கருப்பட்டி, சுக்குக் காபித் தூள், வத்தல், அப்பளம் எல்லாம் அங்கே பாக்கெட்டாகி ஊர் ஊராகப் போகும், துபாய்க்கும் போகும். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவள் நான். இணையத்தில் வருகிற ஆர்டரை எடுப்பது, பிரிண்டர் மக்கர் பண்ணினால் நாலு தட்டுத் தட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக அண்ணாச்சியின் டொமைன்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை.

"நல்ல விசயம்லா" என்றார். அடுத்த கருப்பட்டியை எடுத்தார். "அப்பம் நம்ம பேரெல்லாம் என்ன ஆவும்?"

பேர் என்று அவர் சொன்னது இணைய முகவரிகளை. டொமைனை யாரும் ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. பதிவுக் கம்பெனி ஒன்றுக்கு வருடா வருடம் பணம் கட்டி நம் பெயரில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கட்ட மறந்தால் போச்சு. யார் முதலில் கை நீட்டுகிறாரோ அவருக்குப் போய்விடும். சாதாரணக் கடைக்காரருக்கு ஒன்று போதும். அண்ணாச்சியிடம் நானூறுக்கு மேல் இருந்தன.

இந்தப் பித்துக்குக் காரணம் எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று. கடைப் பெயருக்குக் கெடு முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. துபாயில் ஒரு வாடிக்கையாளர் கருப்பட்டி வாங்கலாமென்று திறந்தால், வாங்க ரம்மி ஆடலாம் என்று ஏதோ சூதாட்டத் தளம் கூப்பிட்டதாம். அது அண்ணாச்சியின் அப்பா வைத்த பெயர். என்ன பாடுபட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. கடைசியில் அதன் வாலில் இன்னொரு சொல்லை ஒட்டித்தான் யாபாரத்தைத் தொடர்ந்தார்.

அன்றிலிருந்து கண்ணில் படுகிற பெயரையெல்லாம் வளைத்துப் போட ஆரம்பித்தார். ஊர்ப் பெயரோடு கருப்பட்டி, ஊர்ப் பெயரோடு வத்தல், ஆற்றின் பெயரோடு அப்பளம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்து இலைக்காரர் "சுக்குன்னா இது சுக்கு" என்று சொல்லியிருப்பார், உடனே எனக்கு போன் வரும். "எம்மா, அந்தப் பேரப் போட்டு வையி, எவனாவது தூக்கிருவான்." எவன் தூக்கப்போகிறான் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ரம்மிக் கதையை முதலிலிருந்து சொல்வார்.

அந்தந்த நேரத்தில் எங்கே தள்ளுபடி இருந்ததோ அங்கே வாங்கியதால், பெயர்களெல்லாம் ஆறேழு கம்பெனிகளில் சிதறிக் கிடந்தன. இன்றைக்கு இங்கே ஒன்றுக்குக் கெடு, நாளைக்கு அங்கே இரண்டுக்குக் கெடு. எனக்கே தலை சுற்றும். நான் போனபிறகு அவர் தனியாக இதைக் கட்டி ஆள முடியாது. அதனால் நல்ல கம்பெனி ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் அங்கே மாற்றி, அண்ணாச்சியே புழங்கிக்கொள்ளும்படி பழக்கிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கோயம்புத்தூரில் சொன்ன தேதிக்குள் சேராவிட்டால் வேலை கையை விட்டுப் போய்விடும். அதையும் அவரிடம் சொன்னேன். "பின்ன? சட்டுபுட்டுன்னு முடிச்சிருவோம்" என்றார். நானும் நம்பினேன்.

முதலில் காட்டிய கம்பெனியில் விலை அடிமாட்டு விலை. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது மொத வருசத்துக்குல்லா. மறுவருசம்?" என்று கேட்டார். மறுவருசம் மூன்று மடங்கு. "சாம்பிள் பாக்கெட்ட ஓசியில குடுத்து ஆளப் பிடிக்கான். நாம பண்ணாத வேலையா?" என்று தள்ளிவிட்டார். நியாயம்தான். மொத்தமாகப் பெயர் வைத்திருப்பவர் புதுப்பிக்கிற விலையைத்தான் பார்க்க வேண்டும். பரவாயில்லை, அண்ணாச்சி தேறிவிடுவார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டாவது வெளிநாட்டுக் கம்பெனி. எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. நானூறு பெயரையும் ஒரே தட்டில் புதுப்பிக்கலாம். யாரும் திருடிப் போகாதபடி பூட்டு உண்டு. பெயருக்குச் சொந்தக்காரரின் முகவரியை வெளியே காட்டாமல் மறைத்து வைப்பதற்கும் தனியாகக் காசு கிடையாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. "முகவரிய மறைக்கதுக்கு நாம என்ன களவாணியா?" சரி, மறைக்க வேண்டாம் என்றேன். "போன் நம்பர் எங்கன?" போன் கிடையாது, எழுதித்தான் கேட்க வேண்டும். அரட்டைப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். ஒற்றை விரலால் வணக்கம் என்று அடித்தார். தான் ஒரு இயந்திர உதவியாளர் என்று பதில் வந்தது. "ஆளே இல்லாத கடையில யாரு யாபாரம் பண்ணுவா?" என்று எழுந்து வெற்றிலை போடப் போய்விட்டார்.

மூன்றாவது கம்பெனியில் போன் இருந்தது. அந்த எண்ணை அழுத்து, இந்த எண்ணை அழுத்து என்று இழுத்தடித்து, வெகுநேரம் பாட்டுப் போட்டு, கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். அண்ணாச்சி என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். எவரிடமும் யாபாரம் பேசும் முன் அவர் ஒரு கேள்வி கேட்பார்.

"சாப்பிட்டியாம்மா?"

அந்தப் பெண் பாவம், மிரண்டுபோய் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். அண்ணாச்சி மரியாதையாக வைத்துவிட்டு, "சோறு தின்னியான்னு கேட்டா நம்பரக் கேக்கா" என்றார். அந்தக் கம்பெனியும் போயிற்று.

நாட்கள் ஓடின. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடி நாலாவதைக் கண்டுபிடித்தேன். விலை நியாயம், பூட்டு உண்டு, மொத்தமாகப் புதுப்பிக்கலாம், போனும் உண்டு. அந்த போனை எடுத்த ஆள் தமிழ். சும்மா தமிழ் இல்லை, நம் பக்கத்துத் தமிழ். அண்ணாச்சியின் குரலைக் கேட்டதுமே, "சொல்லுங்க அண்ணாச்சி, எந்தூரு?" என்றார். கடற்கரைக்காரராம், பெங்களூரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாராம். சாப்பிட்டாச்சா என்றதற்கு, என்ன சாப்பிட்டார், அதில் என்ன குறை என்றுவரை சொன்னார். சீலா மீன் விலை பேசினார்கள். போனை வைக்கும்போது அந்த ஆளின் தம்பிக்குப் பெண் பார்க்கிற அளவுக்குப் பேச்சு போயிருந்தது.

முடிந்தது கதை என்று நான் மூட்டையைக் கட்டாத குறை. அண்ணாச்சி தாடையைத் தடவினார்.

"ஆளு தங்கமான ஆளு. ஆனா வேண்டாம்மா."

"ஏன் அண்ணாச்சி?"

"நம்ம பக்கத்து ஆளுல்லா. நாம என்ன பேரு வாங்குதோம்னு ஊரெல்லாம் தெரிஞ்சிரும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகவரியை மறைக்க நாம் என்ன களவாணியா என்று கேட்ட மனுஷன் இவர். நான் அதற்குமேல் அவரிடம் கேட்கவில்லை. நாலாவது கம்பெனியில் கணக்கைத் திறந்து, மாற்றுவதற்கான விண்ணப்பங்களை நானே போட்டுவிட்டேன். அண்ணாச்சியும் சரி சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் பார்த்தால் ஒன்றுகூட நகரவில்லை. ஒவ்வொன்றுக்கு எதிரேயும் ரத்து என்று இருந்தது. பழைய கம்பெனிகள் சொந்தக்காரருக்கு மெயில் அனுப்பி, எங்களை விட்டுப் போகிறீர்களா என்று கேட்கும். போகிறேன், இல்லை என்று இரண்டு பொத்தான் இருக்கும். அண்ணாச்சி தன் போனில் ஒவ்வொரு மெயிலாகத் திறந்து, இல்லை என்பதை அழுத்தியிருக்கிறார். ஒன்றிரண்டு அல்ல, அத்தனையையும்.

"என்ன அண்ணாச்சி இது?"

"போறியான்னு கேக்கான். வாயால போறேன்னு எவனாவது சொல்லுவானா? போயிட்டு வாரேன்னுதான் சொல்லணும். அந்தப் பொத்தான் அதுல இல்லியே."

உண்மைதான். எங்கள் பக்கத்தில் பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ் ஏறுகிறவர்கூடப் போறேன் என்று சொல்ல மாட்டார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கருப்பட்டியை முகரவில்லை, கண்ணாடியைத் துடைக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஷெட்டில் பாக்கெட் ஒட்டுகிற மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு கம்பெனிக்கும் அவர் சொன்ன குறை எதுவும் கம்பெனியின் குறை அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் கோயம்புத்தூர் போறது உங்களுக்குப் பிடிக்கலையா அண்ணாச்சி?"

"யாரு உன்னயப் பிடிச்சா? தாராளமாப் போ." ஒரு கருப்பட்டியை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, "முன்ன இருந்தவன் சொல்லக்கூட இல்ல. சம்பளத்த வாங்குனான், டீ குடிச்சான், அவ்ளோதான்" என்றார். "நீயாவது சொன்ன."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பழைய கம்பெனிகளின் எண்களைத் தேடிக் கொடுத்தேன். போன் உள்ள இடத்துக்கெல்லாம் அண்ணாச்சி தானே பேசி, இத்தனை வருசம் பாத்துக்கிட்டீங்க, போயிட்டு வாரோம் என்று முறைப்படி விடைபெற்றார். எதிர்முனையில் யாருக்கு என்ன புரிந்ததோ. விண்ணப்பத்தைத் திரும்பப் போட்டோம். இந்த முறை பைய, ஒவ்வொன்றாக, எல்லாப் பெயரும் வந்து சேர்ந்தன.

கடைசி நாள் அவரையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். பாஸ்வேர்டு அவரே போட்டார். உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் ஓடிபி வருவதற்கு போன் நம்பர் ஒன்று கொடுக்க வேண்டும். "நான் போட்டுக்கிடுதேன், நீ போயி டீ வாங்கிட்டு வா" என்றார். என் போன் அவர் மேசையில் சார்ஜில் கிடந்தது, அப்படியே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், முடிந்துவிட்டது என்று முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் பெருமை தாங்கவில்லை. போயிட்டு வாரேன் அண்ணாச்சி என்றேன். கருப்பட்டி ஒரு பொட்டலம் கொடுத்தார்.

கோயம்புத்தூரில் முதல் நாள். புது நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுகூட விடவில்லை, என் போனில் ஓடிபி ஒன்று வந்தது. பின்னாலேயே அண்ணாச்சி கூப்பிட்டார்.

"எம்மா, நம்பர் வந்துருக்கும் பாரு."

"எனக்கு ஏன் வருது? உங்க நம்பரப் போடலையா?"

"கண்ணு சரியாத் தெரியலம்மா. கை தவறி உன் நம்பர் விழுந்துட்டு."

பழைய செய்திகளைத் தோண்டினேன். டீ வாங்கப் போன நேரத்தில் என் போனுக்கு ஓடிபி வந்திருக்கிறது. கண் தெரியாதவர் சார்ஜில் கிடந்த போனில் ஆறு எண்ணையும் பிழையில்லாமல் படித்திருக்கிறார். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கே அல்வா கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு தினமும் ஓடிபி வந்தது. உள்ளே போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், சும்மா பாத்தேன் என்பார். ஓடிபியைச் சொல்வேன், சாப்பிட்டியா என்பார், சாப்பிட்டதைச் சொல்வேன், வைத்துவிடுவார். நம்பரை மாற்ற ஒரு நிமிடம் போதும். எப்படி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம் திடீரென்று ஓடிபி வருவது நின்றுவிட்டது. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாவது நாள் வேலை ஓடவில்லை. உடம்புக்கு என்னவோ ஏதோ என்று எழுந்து வெளியே வந்தேன். மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா? ஓடிபி வரலையே?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தெனமும் நாந்தான கூப்பிடுதேன். நீயாக் கூப்பிடுதியான்னு பாத்தேன்." பின்னால் பாக்கெட் ஒட்டுகிற மெஷினின் சத்தம் கேட்டது. "சாப்பிட்டியா?"