தராசில் ஏறிய கார் என்ஜின்

குவைத்திலிருந்து லீவில் வந்த என் கணவர், மாமனாரின் பழைய காரைப் புதுப்பிக்க, முதல் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அதே நம்பர் என்ஜினைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். மாமனார் எப்போதோ அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் மாட்டியிருந்தார்.

ஒருநாள் நான் எங்கள் நன்னிலத்து வயல் மோட்டார் கொட்டகையைக் காலி செய்து, முன்பு தண்ணீர் இறைத்த துருப்பிடித்த என்ஜினைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். தராசில் ஏற்றும்போது சேறு உதிர்ந்து நம்பர் தெரிந்தது. என் கணவர் போனில் மெக்கானிக்குகளிடம் தினமும் ஒப்பித்த நம்பர்!

"அண்ணே, இறக்குங்க! இது எங்க கார் என்ஜின்!"

பொங்கலன்று அதே என்ஜினோடு கார் திருவாரூர் வீதிகளைச் சுற்றி வந்தது. "கண்டுபிடிச்சது என் சம்சாரம்" என்று அவர் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது துருப்பிடித்த ஆணியைக்கூட மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்துத்தான் எடைக்குப் போடுகிறேன். தராசில் ஏற்றியவளும் நான்தான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.