தேடினால் ராமசாமி மட்டும்தான் வருகிறார்

பழைய கடிதங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலைக்கு வந்தவர்களுக்குச் சம்பளம் பிந்தினாலும் தும்மல் பிந்தாது. அப்புத்தளைப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல் ஒன்றில் மாட்டிக்கொண்டவன் நான். பெட்டி பெட்டியாகக் கிடக்கும் கடிதங்களை ஸ்கேன் பண்ணி, யார் எழுதியது, என்ன விஷயம், யார் பெயர் வருகிறது என்றெல்லாம் அடித்து வைக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர் ஒரு சொல்லைத் தட்டினால் கடிதம் வந்து நிற்க வேண்டுமாம். இந்த மாதிரி வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஹீட்டர்

எங்கள் ஊர் மூடுபனி கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டா வருகிறது? காகிதமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. நச்சரித்து நச்சரித்து ஒரு ஹீட்டர் வாங்கினேன். அறை கூட்ட வந்த செல்வி அக்கா அதன் பக்கத்தில் கையை நீட்டிக் காய்ந்துகொண்டே சொன்னார்:

"செத்த வெள்ளைக்காரன் கடுதாசிக்கு இம்புட்டுச் சூடா தம்பி! லயத்து வீட்டுல எம்புள்ளைங்க யூனிஃபோம் இன்னும் காயலங்க."

விசுவாசம்

துரைமாருக்கு நம் ஆட்களின் பெயர் வாயில் நுழையாது. யாராக இருந்தாலும் ராமசாமிதான். கடிதத்தில் இருப்பதை அப்படியே அடித்து வைத்தேன். கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி தேடிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிப் போனார்.

"சமையல், குதிரை, தோட்டம், சலவை எல்லாத்தையும் ஒரே மனுஷன் பார்த்திருக்கார் சார். என்ன ஒரு விசுவாசம்!"

வெந்நீர்

செல்வி அக்காவின் தாத்தா இதே ஹோட்டலில் துரைமார் குளிக்க வெந்நீர் சுமந்தவராம். அக்காவின் அப்பா இப்போது படுத்த படுக்கை. கண்ணை மூடுவதற்குள் தன் அப்பா பெயரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறாராம். சின்னக்கருப்பன் என்ற அந்தப் பெயரை எப்படியெல்லாமோ அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வெந்நீர் என்று தேடினால் ஒரே ஒரு துரை வந்தார், தண்ணீர் ஆறிப்போச்சு, ராமசாமி சோம்பேறி என்று திட்டிக்கொண்டு. அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது எங்க தாத்தாதாங்க. வெந்நிக்கு வேற ஆளே இல்லேன்னு அப்பா சொல்லுவாரு."

மேனேஜர்

அந்தக் கடிதத்தின் குறிப்பில் தாத்தாவின் பெயரைச் சேர்க்கட்டுமா என்று ஹோட்டல் மேனேஜரிடம் கேட்டேன். மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனிதர். கடிதத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். அக்காவின் அப்பா இருக்கிற நிலைமையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, சொன்னது ஆரெண்டும் சேர்த்து எழுதிவிடும் ஐசே. நாளைக்கு ஆரும் கேட்டா உம்மைத்தான் காட்டுவன்."

போனில் பார்த்தது

'வெந்நீர் சுமந்தவர் சின்னக்கருப்பன். சொன்னவர் பேத்தி செல்வி' என்று ஏற்றினேன். அக்கா போனில் அதைக் கொண்டுபோய் அப்பாவுக்குக் காட்டினார். மறுநாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றார். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பேரைத் தடவித் தடவிப் பாத்தாரு தம்பி. அப்புறம், அந்த ராமசாமிய அழிச்சிடச் சொல்லுன்னாரு."

அழிக்கிற அதிகாரம் எனக்கில்லை என்பதை அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாயுமில்லை, இன்னும் திறக்காத பெட்டிகளில் எத்தனை ராமசாமிகள் இருக்கிறார்களோ என்று நினைத்தால் இப்போதே கண்ணைக் கட்டுகிறது.