ஆள் மாறிய பயிற்சி

பூகோள டீச்சருக்கு அந்த வருஷம் வந்த தலைவலிக்கு வேலைப் பயிற்சித் திட்டம் என்று பெயர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு மத்தியானம் வெளியே போய், ஏதாவது ஒரு கடையிலோ ஆபீசிலோ நிஜமான வேலை பார்க்க வேண்டும். அதற்கு மார்க்கும் உண்டு. யோசனை நல்ல யோசனைதான். தலைமையாசிரியை அதைத் தன் தலையில் கட்டுகிற வரைக்கும் டீச்சரும் அதை வாயாரப் பாராட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"உங்களுக்குத்தானே பீரியட் கம்மி" என்றார் தலைமையாசிரியை. அத்தோடு பேச்சு முடிந்தது.

டீச்சர் வாய் விட்டு ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியாதவள். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, மழையில் நனைந்துகொண்டே வருகிற ரகம். அப்படிப்பட்டவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தாள். பல் டாக்டர், "பசங்க எதையாவது உடைச்சிடுவாங்கம்மா" என்று கையை விரித்தார். பேங்க் மேனேஜர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் முகம் மலர்ந்து, "எத்தனை பேர் வேணாலும் அனுப்புங்க, கடைக்கு வெள்ளையடிக்கணும்" என்றார்.

ஒருவழியாக எல்லாரையும் எங்கெங்கோ ஒட்டவைத்துவிட்டு நிமிர்ந்தால், பெற்றவர்கள் படையெடுத்தார்கள். முதலில் வந்தது, வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பையனின் அம்மா. பையனுக்கு விழுந்த இடம் கூரியர் ஆபீஸ்.

"அவன் இன்ஜினியருக்குப் படிக்கப் போறவன் டீச்சர். அவன் போய்ப் பார்சல் தூக்கறதா? அந்த ரெண்டு நாளும் டியூஷன் வேற இருக்கு."

"டியூஷனை மாத்திக்குங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"போயே ஆகணுமா?"

"ஆள் வரலேன்னா மார்க் கிடையாது."

அந்த அம்மா சற்று யோசித்தாள். "சரி, ஆள் வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். டீச்சர் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாசலில் அடுத்த அப்பா முறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்துக் கூரியர் ஆபீஸ் மேனேஜர் போன் செய்தார். "உங்க பள்ளிக்கூடத்து ஆள் பிரமாதம் மேடம்! நேரத்துக்கு வந்துடறாங்க, பொறுப்பா பேசறாங்க, ஒரு பார்சல் மாறிப் போனதில்ல." ஒரு பையனைப் போய் 'வந்துடறாங்க' என்கிறாரே, எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று டீச்சர் மகிழ்ந்துபோனாள். ஆசிரியர் அறையில் இரண்டு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் கொண்டாள்.

மேற்பார்வைக்கு என்று நேரில் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

பாதி இறக்கிய ஷட்டருக்குக் குனிந்து உள்ளே போனாள். பேட்டை வாரியாகப் பிரித்த பார்சல்கள் சுவரை மறைத்திருந்தன. யாரோ டேப்பைச் சர்ரென்று இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், பார்கோடு படிக்கிற கருவியைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி டெலிவரி ஆளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். "உடையும்னு சிவப்பு எழுத்துல ஒட்டியிருக்கு, அதைப் போய் அடியில வச்சிருக்கீங்களே, கண்ணு எங்க இருக்கு?" அவள் கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை. அட்டையில் அரும்பு மீசையோடு அவள் மகன்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"வேலைப் பயிற்சி டீச்சர்" என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல்.

டீச்சர் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "இவங்க என் மாணவர் மாதிரியா சார் இருக்காங்க?"

"ஒரு ஆள் வருவாங்கன்னு சொன்னீங்க, ஒரு ஆள் வந்தாங்க. அட்டையும் இருந்தது" என்றார் அவர். "இந்தக் காலத்துல யாரு எந்த வயசுல படிக்கறாங்கன்னு நான் எப்படி மேடம் கேக்கறது? அக்கா தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?"

டீச்சர் அந்த அம்மாவை எடைத் தராசுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். இது ஏமாற்று வேலை இல்லையா, பையன் மார்க் மொத்தமும் போய்விடாதா என்று பொரிந்து தள்ளினாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "தப்புதான்" என்றாள். "முதல்ல அவனுக்காகத்தான் வந்தேன். அப்புறம் வராம இருக்க முடியல. கல்யாணத்துக்கு அப்புறம் மார்க்கெட்டையும் அவன் பள்ளிக்கூடத்தையும் விட்டா நான் எங்க போயிருக்கேன்? இங்க நாலு பேரு எங்கிட்ட வந்து ஏதாவது கேக்கறாங்க. எனக்கு பதில் தெரியுது."

நன்றாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கும்போது இப்படி ஒன்றைச் சொன்னால் மனுஷி என்ன செய்வாள்? டீச்சருக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது.

மறுநாள் பையனைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவன் சங்கடத்தோடு நெளிந்தான். "நான் போறேன்னுதான் சொன்னேன் டீச்சர். இப்ப அம்மா அட்டையைத் திருப்பித் தர மாட்டேங்கறாங்க."

தலைமையாசிரியையிடம் போனால் அவர் ரகசியக் குரலில், "முதல் மார்க் பையன். முடிச்சிட்டான்னு எழுதிட்டு ஆளை விடுங்க" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக டீச்சர் மேலிடத்தைப் பார்த்து, "எழுத மாட்டேன் மேடம்" என்றாள். பையன் முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் ஆரம்பித்தான். ஆனால் மேனேஜர் அவன் அம்மாவை விடத் தயாராக இல்லை, சம்பளத்துக்கே வைத்துக்கொண்டார். அவள் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு அடங்கிப்போனார். அங்கே பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது இனி அக்காவின் பொறுப்பு, மார்க்கும் அவங்களே போடட்டும் என்று மேனேஜர் கை கழுவிக்கொண்டார்.

"அம்மா மகனுக்கு மார்க் போட்டா ஊர் சிரிக்காதா சார்? அள்ளிக் கொடுத்துடுவாங்களே!" என்று டீச்சர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். வேறு ஆள் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து டீச்சர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துப் போன் வரும். "உங்க மாணவன் செய்யறதைக் கேளுங்க டீச்சர். பார்சலைக் காலால தள்றான். காதுல எதையோ மாட்டிக்கிட்டு நிக்கறான், கூப்பிட்டா திரும்பறதில்ல."

"உங்க பையன்தானேம்மா? வீட்டுல சொல்லுங்களேன்!"

"வீட்டுல அவன் என் பையன். இங்க நீங்க அனுப்பின ஆள்."

போனில் யார் என்று டீச்சரின் வீட்டுக்காரர் ஜாடையில் கேட்பார். "என் மேலதிகாரி" என்று டீச்சர் பல்லைக் கடிப்பாள்.

வருஷக் கடைசியில் மார்க் வந்தது. ஐம்பதுக்குப் பதினெட்டு. மற்ற எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு குறைச்சல் இல்லை, வெள்ளையடித்தவனுக்குக்கூட நாற்பது. தலைமையாசிரியை குதித்தார். டீச்சர் கூரியர் ஆபீசுக்கு ஓடினாள்.

"பெத்த பிள்ளையாச்சேம்மா! கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?"

"வேலை தெரியாதவனுக்கு எதைப் பார்த்துப் போடறது டீச்சர்? லீவுல வரச் சொல்லுங்க. ஒழுங்கா செஞ்சா கூடப் போடறேன்."

பையன் லீவில் போனான். அவன் போனால் மேற்பார்வைக்கு டீச்சரும் போக வேண்டும். தங்கை வீட்டுக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு, வெயிலில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய் அந்த ஷட்டருக்குக் குனிந்தாள். பையன் வேர்வை சொட்டச் சொட்ட வேனில் பார்சல் அடுக்கிக்கொண்டிருந்தான். கனமானது கீழே, லேசானது மேலே. உடையும் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான். டீச்சரைப் பார்த்ததும் அசடு வழியச் சிரித்தான்.

"இப்பப் போடுவீங்கல்ல?" என்று டீச்சர் அவன் அம்மாவிடம் கேட்டாள்.

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தஞ்சா போட்டா பாக்க நல்லா இருக்கும்."

"முப்பத்தொண்ணுக்குத்தான் செஞ்சிருக்கான்."

கவுன்ட்டரில் யாரோ முகவரி தப்பாக எழுதிவிட்டார்கள் போல. அந்த அம்மா ஏற்கெனவே அவர்கள் பக்கம் திரும்பியிருந்தாள். டீச்சர் பேனாவை எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே முப்பத்தொன்று என்று எழுதினாள்.