மர வாளும் இரண்டு விசிலும்

ஜங்ஷனில் அண்ணன் நடத்திய வீடியோ கேம் கடையை, அவன் இறந்த பிறகு நான்தான் பார்த்துக்கொண்டேன். மாஞ்சோலை பஸ் கண்டக்டர் ஒருவர் டூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு வந்து விளையாட ஆரம்பித்தார். ஒல்லியான ஆள், காதோரம் நரை.

அவர் விளையாடியது ஒரு வாள் சண்டை விளையாட்டு. அதில் வரும் கொல்லனிடம் வாளைக் கொடுத்தால் பலம் கூடும், இல்லையென்றால் உடைந்துபோகும். எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவருடையது பெரும்பாலும் உடையும். உடனே கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து, பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி மெல்ல இரண்டு ஊதிவிட்டு, மறுபடி, ஆரம்பத்தில் கிடைக்கும் மர வாளிலிருந்து தொடங்குவார்.

"ஒங்க பஸ்ஸுல ஏறவே பயமா இருக்கு அண்ணாச்சி," என்றேன்.

"பஸ்ஸு டிரைவர் கையிலலா இருக்கு!"

ஒருநாள், விளையாட்டில் அண்ணன் பெயரில் சேமித்துக் கிடந்த வாளைத் திரையில் காட்டினார். "இது ஏன் தங்கச்சி அப்படியே கெடக்கு?"

"ஒடைஞ்சா மறுபடி செய்ய அண்ணன் வரமாட்டாம்லா."

"அப்பம் தொடாத. அங்கனயே இருக்கட்டும்."

"அவன் இருந்தா எப்பமோ கொல்லங்கிட்ட கொடுத்திருப்பான் அண்ணாச்சி."

"என்னைய அமுக்கச் சொல்லிராத தாயி. என் கைராசி ஊருக்கே தெரியும்."

நானே பட்டனை அமுக்கி வாளைக் கொல்லனிடம் கொடுத்தேன். வாள் உடைந்தது.

என் கண் கலங்கும் முன்பே அவர் கண் கலங்கிவிட்டது. பார்த்தே இராத ஒருவனுக்காக அவர் ஏன் அழுதார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"விசில் அடிங்க அண்ணாச்சி," என்றேன்.

ஊதிப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணன் போன பிறகு முதல் தடவையாக.

"போலாம், ரைட்," என்று நானே சொல்லிவிட்டு மர வாளை எடுத்தேன்.