குரோட்டன்ஸ் ஆல்பமும் காரைச் செடியும்

பிள்ளைகளே, பள்ளியில் இலை ஆல்பம் ஒட்டச் சொன்னால் ஒட்டுங்கள், மார்க் வேண்டுமே. ஆனால் அதனால் செடிகளைத் தெரிந்துகொண்டதாக மட்டும் வெளியே சொல்லாதீர்கள். சிரிப்பு வரும்.

எழுபதுகளில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில் என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்தாள். வாத்தியார் ஆல்பம் கேட்டார். கலர் கலராக இருந்தால் கூடுதல் மார்க் என்றும் சொல்லிவிட்டார். ஊரில் கலர் இலை இருந்த ஒரே இடம் மாதா கோயில் முற்றம். ஞாயிறு பூசை முடிவதற்குள் அங்கிருந்த குரோட்டன்ஸ் தொட்டி அத்தனையும் மொட்டை.

"டேய், மாதாவுக்கு வெச்ச செடிடா, பேமானிங்களா!" என்று கோயிலைக் கூட்டிப் பெருக்கும் கோயில்பிள்ளை துடைப்பத்தோடு துரத்தினார்.

வகுப்பு முழுவதற்கும் அதே இலைகள், அதே சோற்றுப் பசை. இதற்குப் பெயர் இயற்கைப் பாடம்! ஏரிக்கரை நெடுக காரை, களா, நொச்சி என்று நம்முடைய செடிகள் நிற்கின்றனவே என்று நான் போய்க் கேட்டேன். "அதெல்லாம் வெறும் புதருங்க" என்றார் வாத்தியார். அந்தப் புதரை உரசிக்கொண்டுதான் தினமும் சைக்கிளில் வருகிறார், மகானுபாவர்.

நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்தது ஒரே வழி. சாயங்காலங்களில் மகளை ஒரு காரைச் செடியின் முன்னால் உட்காரவைத்தேன். பறிக்காதே, பார்த்து வரை, பார்த்ததை எழுது என்றேன். முள் ஜோடி ஜோடியாக இருப்பதை எழுதினாள். மழைக்குப் பிறகு விட்ட துளிரை எழுதினாள். வாலில் கொம்பு வைத்த பச்சைப் புழு ஒன்று வந்தது. கொம்பு சரியாக வரும்வரை அழித்து அழித்து வரைந்தாள்.

ஆல்பத்துக்குப் பதில் அவள் நீட்டிய நோட்டை வாத்தியார் புரட்டிவிட்டு, "இலை எங்கே?" என்றாராம்.

"செடியில கீது சார்."

வகுப்பே சிரித்திருக்கிறது. நாளைக்குள் ஓர் இலையாவது ஒட்டாவிட்டால் முட்டைதான் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதாள். "ஒரு இலைய கிள்ளினா செடி செத்தா பூடும்? போடி, பறிச்சிகினு வா" என்றாள் என் மனைவி. நானும் தடுக்கவில்லை. முட்டை வாங்கப்போவது மகள்தானே.

போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

"இன்னாடி, எங்க இலை?"

"கீழ்க் கிளையில புழு துன்னுகினு கீதும்மா. மேல் கிளை எட்டல."

"கரையில வேற காரையே இல்லியா?"

"கீது. ஆனா நான் வரைஞ்சது அது இல்லியே."

மறுநாள் முட்டை வந்தது. குரோட்டன்ஸ் கும்பலுக்கெல்லாம் கைநிறைய மார்க். ரிப்போர்ட்டில் முட்டைக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.

"முட்டைக்குப் போயி இம்மாம் பெரிய கையெழுத்தா?" என்றாள் என் மனைவி.

"சின்னதா இருந்தா அந்த ஆளு கண்ணுல படாதே" என்றேன்.